வரவேற்புத் தண்ணீர்

இலைதியா வாளியின் கைப்பிடியைப் பிடித்தான். லோசலினி மூடியின்மேல் கையை வைத்தாள்.

"கைய எடு. நிவாரண அதிகாரி வந்து அரை மணி ஆச்சு."

"இது புள்ளைங்க தண்ணி, மச்சான்."

ரேவா ஆறு ஊருக்குள் வந்து ஐந்து நாள். நீரேற்று நிலையம் மூழ்கிவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. சுகாதார நிலையத்தின் கதவு ஒரு மாமரத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. மற்றதை யாரும் பார்க்கவில்லை. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பங்கள். ஏழு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. மெரேவாயின் ஒரு வயது மகன் அழுதும் கண்ணீர் வரவில்லை. லோசலினி ஊர்ச் சுகாதாரப் பணியாளர். அவளிடம் சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டை இருந்தது, மருந்து இல்லை. பள்ளி மேசைகளை உடைத்து எரித்து ஆற்றுநீரைக் காய்ச்சினாள். மேசைகள் தீர்ந்தன. மிஞ்சியது இந்த ஒரு வாளி.

"வரவேற்புக்கு யங்கோனா வேர்ப்பொடி கரைக்கணும்," என்றான் இலைதியா. அவளுடைய கணவனின் அண்ணன், ஊர்த்தலைவனும் அவன்தான். "ஆத்துல பன்னி செத்து மிதக்குது. அந்தத் தண்ணியில கரைச்சு அவருக்கு நீட்டச் சொல்றியா?"

"அவர் படகுலயே அறுபது பெட்டி நல்ல தண்ணி இருக்கே."

"வரவேற்பு முடியாம சாமான் எறக்கக் கூடாது. மொற."

"வரவேற்புக்கு என்ன வேணும்?"

"தண்ணி."

"அது எங்க இருக்கு?"

"படகுல."

தான் சொன்னது அவன் காதில் விழவில்லை. மூலையிலிருந்து விலிமைனா சிரித்தாள். அவள் அவனுக்கு முறைப்பெண். அவனைக் கேலி செய்ய அவளுக்கு ஊரே உரிமை கொடுத்திருந்தது.

"ஏ இலைதியா, ஆத்துச் சுழி தோத்துது போ! விடியக்காலம் புள்ளைங்களுக்கு அடியில இருந்து பாயை உருவின. இப்ப தண்ணி. அடுத்து என்ன, என் பாவாடையா?"

"வாய மூடு. ஊர் மானம் உனக்கென்ன தெரியும்?"

"மானத்த உன் வீட்டோட சேத்து ஆறு கொண்டு போச்சுன்னு நெனச்சேன்."

அவன் லோசலினியின் பக்கம் திரும்பினான். "வாக்கப்பட்டு வந்தவ, பணிஞ்சு இரு."

"எடுத்துக்கங்க மச்சான். ஒரு நிமிஷம்."

அவள் மூடியைத் திறந்தாள். லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பத்து லிட்டருக்கும் அளந்து போட்டாள். ஊரின் கடைசிச் சர்க்கரை. கலந்தபின் நாளைவரைதான் தாங்கும். அதற்குள் வேறு தண்ணீர் வந்தாக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். துடுப்பால் கலக்கினாள்.

"இது இப்ப மருந்து. கொண்டு போய் உங்க மானத்தைக் கரைங்க."

அவன் கைப்பிடியை விட்டான். அவள் மெரேவாயின் மகனைத் தூக்கி முதல் கரண்டியை ஊட்டினாள்.

கோவிலில் வரவேற்பு நடந்தது. குழந்தைகளின் பாய்கள்மேல் அதிகாரி சம்மணமிட்டிருந்தார். முழங்கால்வரை சேறு அப்பிய ஆண்கள், வரவேற்பு எளிமையாக இருப்பதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஆற்றுநீரைச் சட்டைத் துணியில் வடித்து யங்கோனா கரைத்திருந்தார்கள். முதல் கிண்ணம் அவருக்குப் போனது. வாங்குகிறவர் ஒருமுறை கைதட்டிக் குடிக்க வேண்டும். குடித்ததும் சபை மூன்றுமுறை தட்டும். அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார். கைதட்டவில்லை. உதவியாளனைப் பார்த்தார். அவன் படகுக்கு ஓடி ஒரு புட்டி தண்ணீருடன் வந்தான். அதிகாரிக்கு மட்டும் அதில் தனியாகக் கரைத்தார்கள். அவர் தட்டினார், குடித்தார். சபை மூன்றுமுறை தட்டியது. பிறகு ஊர் தன் ஆற்றைக் குடித்தது.

சன்னலுக்கு வெளியே நின்று லோசலினி இதையெல்லாம் பார்த்தாள். விலிமைனாவையும் ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு துறைக்கு நடந்தாள்.

"இன்னும் மொற முடியலீங்களே," என்றான் படகுக்காரன்.

"ஒரு புட்டி எறங்குச்சா இல்லையா?"

"அது ஐயாவுக்கு."

"அப்ப மொற முடிஞ்சுது. நகரு."

அவன் நகர்ந்தான். தடுக்கும்படி யாரும் தனக்குச் சம்பளம் தரவில்லை என்றான்.

கோவிலில் சொற்பொழிவு முடிவதற்குள் அறுபது பெட்டிகளும் ஒரு மூட்டை சர்க்கரையும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. வெளியே வந்த அதிகாரி காலிப் படகைப் பார்த்து, விநியோகம் சிறப்பாக நடந்ததாக எழுதிக்கொண்டார். திரும்பும்போது படகு காலியாகப் போகவில்லை. ஊரின் அன்பளிப்பாகப் பாய்கள் போயின.

மூன்றாம் நாள் மெரேவாயின் மகன் வீறிட்டு அழுதான். கன்னம் நனைந்தது. மெரேவாய் அதைத் துடைக்கவில்லை.

அன்று மதியம் இலைதியாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அவனுக்குப் பின்னால், கோவிலில் குடித்த இன்னும் ஒன்பது பேர். பாய் இல்லை, வெறும் சிமென்ட் தரையில் படுத்தான்.

லோசலினி புட்டித் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி நீட்டினாள். அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"மொற இருக்கே, மச்சான்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஒருமுறை கைதட்டினான். சத்தமே வரவில்லை.

அவள் கொடுத்தாள். அவன் குடித்து முடித்தான்.

மூலையிலிருந்து விலிமைனா மூன்றுமுறை தட்டினாள்.