படிக்கக் கூடாத விண்ணப்பம்

...அவள் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை, மாவு டப்பா, ஊறுகாய் பாட்டில், கரண்ட் பில், எதைத் தொட்டாலும் தேதி போடுகிற பழக்கம், இதன் முதுகிலும் போட்டிருக்கிறாள், 13-8-98, நான்காக மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து, என் மனைவி பிரபா குழந்தை இயேசுவுக்கு எழுதிப் போட்ட விண்ணப்பம், அவள் செத்து எட்டு வாரம் கழித்து என் கையில். நாளைக்குச் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. வருஷம் முழுக்க வியாழக்கிழமை நவநாள் ஜெபத்தில் பெட்டியில் விழுந்த விண்ணப்பங்களை அதற்கு முன்னால் கோயிலின் பின்புறம் இரும்பு டிரம்மில் போட்டு எரித்துவிடுவார்கள், யாரும் பிரித்துப் படிக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி, வழக்கமாகச் செய்கிறவர் ஊருக்குப் போய்விட்டார் என்று ஃபாதர் என்னைக் கூப்பிட்டார், நீ பண்ணு, உன்னை நம்பித் தர்றேன் என்று சாவியைக் கையில் வைத்தார், பொம்மசந்திராவில் ஃபாக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன், வீட்டில் இருப்பதைவிட இது மேல் என்றுதான் வந்தேன், இப்போது இது.

ஆகஸ்ட். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு அவள் நோயைச் சொன்னது நவம்பரில். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவளோடு வேலை பார்த்த விஜி என் பக்கத்தில் வந்து நின்று, அண்ணா, அவளுக்கு ஆகஸ்ட்லயே தெரியும்ணா, எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, மன்னிச்சிருங்க என்றாள், நான் டம்ளரைக் கீழே வைத்தேன், பரவாயில்லை என்றேன், என்ன பரவாயில்லை? மூன்று மாதம். ஒரே கட்டில். அவளுக்குத் தெரியும், விஜிக்குத் தெரியும், பீடத்தில் நிற்கிற அவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அந்த வியாழக்கிழமை நினைவிருக்கிறதா... இருக்கிறது, எட்டு மணிக்கு வந்தாள், நான் பசியில் கத்தினேன், வாரா வாரம் அங்கே என்னதான் கேட்கிறாய் என்றேன், உங்களுக்கு வாய் குறையணும்னுதான் என்று சிரித்தாள், தோசை ஊற்றினாள், நான் நான்கு தின்றேன்.

"தம்பி, அடியில கிளறி விடு, கட்டுக் கட்டா போட்டா வேகாது," என்கிறார் மதலைமுத்து, எங்கள் கோயில்பிள்ளை, மணி அடிப்பதிலிருந்து மெழுகு சுரண்டுவது வரை அவர்தான், இரண்டாவது மூட்டையை இழுத்து வந்து போட்டுவிட்டு மூச்சு வாங்குகிறார். "என்னா அப்படியே நின்னுட்ட? படிச்சுக் கிடிச்சுத் தொலைச்சுடாதப்பா. முன்னாடி ஒருத்தன் ஒண்ணே ஒண்ணைப் பிரிச்சான், அவன் மாமியாரோடது, இவன் குடிச்சே சாகணும்னு ஒன்பது வாரம் நவநாள் வெச்சிருக்குது அந்தம்மா. அன்னையிலேர்ந்து ஆளு கோயில் பக்கமே வர்றதில்லே." அவர் சிரிக்கிறார், நானும் சிரித்தேன் போல, மூன்றாவது மூட்டை எடுக்கப் போய்விட்டார்.

இப்போது யாரும் இல்லை. பின்னுக்கு அடியில் நகம் போய்விட்டது, நானா நுழைத்தேன்? புருஷன்தானே, யாரோவா, எனக்கு எழுதாததை எனக்குப் பதிலாக வேறொருவருக்கு எழுதியிருக்கிறாள், அதைப் பார்க்க எனக்கில்லாத உரிமையா... எவ்வளவு நியாயமாகப் பேசுகிறது இது, என் குரலிலேயே பேசுகிறது. சோதனை வந்து நின்ற பிறகு ஜெபத்தைத் தேடாதீர்கள், முன்னாலேயே எடுத்து வைத்திருங்கள் என்று ஃபாதர் ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார், நான் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டுக் கேட்டுத் தீர்ந்துபோனது, கேட்காதவரிடம் எதற்கு இனி. ஒரு முனை நிமிர்ந்துவிட்டது. இன்னொரு முனைதான். அவள் இதை மடித்து, பின் அடித்து, வியாழக்கிழமை அத்தனை ஜனம் நிற்கிற வரிசையில் நின்று, யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று நம்பித்தானே போட்டாள்... என்னையும் சேர்த்துத்தானே நம்பினாள். ஆண்டவரே, என்னால் முடியவில்லை, உம்மேல் எனக்குக் கோபம்தான், ஆனாலும் கையை நீர் பிடித்துக்கொள்ளும், வேறு யாரிடம் சொல்ல, நீர் பிடித்துக்கொள்ளும்.

போட்டுவிட்டேன். விரல் எப்போது விட்டது, தெரியவில்லை. உடனே எரியவில்லை அது, சூட்டில் மெல்ல விரிகிறது, பின் கழன்று மடிப்பு மடிப்பாகத் தானே திறக்கிறது, நீல மை, முதல் வரி, அவருக்கு... கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முகத்தில் அனல். இமைக்குள் சிவப்பு. பத்து எண்ணினேன், மறுபடி பத்து. அவருக்கு. என்னையா சொல்கிறாள்? உயிரைத்தான் கேட்டிருப்பாள், அதைத்தான் தரவில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், வேறு எதையாவது கேட்டிருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை... அவருக்குத் தெரிய வேண்டாம், கொஞ்ச நாளாவது தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டிருந்தால்? நவம்பர் வரை எனக்குத் தெரியவே இல்லையே. அப்படியானால் ஆண்டவர் காதில் கேட்டிருக்கிறார். அவள் கேட்டதை, ஒரு நாள் குறையாமல், கொடுத்தும் இருக்கிறார்.

அவளுக்கு.