இறக்கை வைத்த கவுன்

இமோஜன் தைக்கும் உடையில் ஒரு மடிப்புகூட வீணாக இருக்காது. மெல்பர்னில் அதற்காகவே அவளுடைய தையல் கடையைத் தேடி வருவார்கள். அந்தக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் புயல் அடித்த தீவுகளுக்கெல்லாம் தையல் மிஷின்களோடு போய்க்கொண்டிருந்தாள்.

டோங்கோவா தீவில், கூரை பறந்துபோன பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஆளுக்கொரு நீல கவுன், அலங்காரம் எதுவுமில்லாமல், தைத்து முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஒருத்தியும் அதை உடுத்தி வரவில்லை. கிழிந்த பழையதையே ஒட்டுப்போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

பாடகர் குழுவின் தலைவி லெய்மாரா சேனைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இமோஜன் நேராக அவளிடம் போனாள்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. நான் ஒண்ணும் அழமாட்டேன்."

"துணி நல்ல துணிதான்க்கா. மாட்டிக்கிட்டாதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடிவந்தவ மாதிரி இருக்கு."

பக்கத்திலிருந்தவள் சும்மா இருப்பாளா? "என் மாமியா பாத்துட்டு, 'இப்ப உடம்பு தேவலையா'ன்னு கேட்டா!"

எல்லோரையும்விட இமோஜன்தான் அதிகம் சிரித்தாள். "சரி, என்னதான் வேணும்?"

"ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி தொங்குற துணி. தோள்ல கொசுவம். கழுத்துல, கையில, கீழ லேஸ். வீடுதான்க்கா போச்சு, நாங்க இருக்கோம்ல?"

அதற்குமேல் இமோஜன் யோசிக்கவில்லை. தங்கைக்கு போன் போட்டாள்.

"கல்யாண கவுன் தைக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கு. மிச்சம் கிடக்கிற லேஸ் அத்தனையும் வாங்கி அனுப்பு."

"லேஸா? உனக்கா? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

"நல்லாத்தான் இருக்கேன். ரிப்பனும் சேத்து அனுப்பு."

சிமெண்டு ஏற்றிவந்த கப்பலில் லேஸும் வந்து இறங்கியது. தைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி தைத்தார்கள். லெய்மாராவின் கவுனில் இறக்கைக்கு அடியில் ஆழமாக ஒரு பையும் வைத்தாள் இமோஜன்.

"கோயில் கவுனுக்குப் பை எதுக்குக்கா?" என்றாள் லெய்மாரா.

"போட்டுப் பாத்துட்டுப் பேசு."

லெய்மாரா பாட்டுப் புத்தகத்தை உள்ளே தள்ளினாள். கிழங்கு சீவும் கத்தியையும் தள்ளினாள். வெறுங்கை இரண்டையும் வீசி நடந்து பார்த்தாள். மறுநாள் மற்றவர்களும் பைக்காகக் கவுனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய்க் கூரையின்கீழ் குழு எழுந்து பாடியது. கடைசி வரிசையில் ரோஜா நிற லேஸ் வைத்த கவுனில் இமோஜனும் நின்றாள்.

வெளியே வந்தால், அடுத்த தீவு எமாயிலிருந்து படகில் வந்த பெண்கள் காத்திருந்தார்கள். தங்களுக்கும் அதே மாதிரி வேண்டுமாம்.

"நாளைக்கே மிஷின்களோட வர்றேன்," என்றாள் இமோஜன்.

லெய்மாரா அவள் காதருகே குனிந்தாள். "போங்கக்கா, வேணாங்கல. அவளுகளுக்கு மட்டும் லேஸ் ஒரு சுத்து கம்மியாவே வைங்க."