என்னை யாரும் தள்ளவில்லை

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

நேற்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத் தாளில் ஒரு தவறு செய்துவிட்டேன். மூன்றாம் பாகத்தில் இரண்டு பேர் தண்டனை பெற்ற நேரத்தை 13:42 என்று எழுதியிருக்கிறேன். எங்கள் அரங்கின் கடிகாரம் இருபது நிமிடத்திலிருந்து கீழே இறங்கும். அதில் தெரிவதை இருபதிலிருந்து கழித்து, கடந்த நேரத்தை எழுத வேண்டும். 6:18 என்று இருந்திருக்க வேண்டும். மூன்று குளிர்காலமாக இந்தக் கழித்தலைச் செய்து வருகிறேன். நேற்று செய்யவில்லை. நடுவர் கையெழுத்திட்ட பிறகு தாளில் கை வைக்கக் கூடாது என்பதால், லீக் தலைவர் வெர்ன் டக்ஸ்பரிக்கு இன்று காலை மின்னஞ்சலில் தவறைத் தெரிவித்தேன்.

ஏன் கழிக்கவில்லை என்பதை அதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன், எழுதப் பழக நான் போகும் மாலை வகுப்பில் சொல்லித் தந்தபடி நடந்த வரிசையில்.

நேற்று கனடாவின் கொடி நாள். வாசலில் எல்லோர் கையிலும் காகிதக் கொடி கொடுத்தார்கள். தெற்கே எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் எங்கள் நாட்டைத் தங்களுடைய இன்னொரு மாநிலம் என்று கேலி பேச ஆரம்பித்ததிலிருந்து, தேசிய கீதத்தை இங்கே யாரும் முணுமுணுப்பதில்லை. கத்துகிறார்கள். நானும் கத்தினேன். எதிரணி வரிசையில் பதினேழாம் எண், லிண்டன் பாலன்டைன், தலைக்கவசத்தை மார்போடு பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பாடியதைப் பார்த்தேன். பக்கத்து ஊரில் வெல்டர் வேலை செய்பவர். வடக்கே, கிரீ என்ற பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கிய ரிசர்வில் பிறந்தவர். வயது முப்பத்தைந்து. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இன்னும் எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் எவரையும்விட வேகம்.

நேரம் குறிக்கும் என் பெட்டி, இரண்டு தண்டனைப் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிறது. இருபுறமும் ஒட்டுப்பலகைச் சுவர், உட்கார்ந்தால் என் தோள் உயரம். தண்டனை பெற்று வருகிறவர்கள் என் தலைக்கு மேலாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டம் சமமாக இருந்தபோது, எங்கள் அணித் தலைவன் கோல்பி ரைமர் மட்டையால் லிண்டனின் மணிக்கட்டில் அடித்தான். லிண்டன் திருப்பி அடித்தார். இருவருக்கும் தண்டனைப் பெட்டியில் இரண்டிரண்டு நிமிடம்.

"பாட்டெல்லாம் பலமா இருந்துச்சே," என்றான் கோல்பி. "வார்த்தை தெரியுமா, இல்ல சும்மா வாயசைச்சியா?"

"உங்க கோல்கீப்பருக்காகத்தான் பாடுனேன். பாவம், நின்னுக்கிட்டே தூங்குறான்," என்றார் லிண்டன்.

நான் சிரித்துவிட்டேன். இதற்குச் சீண்டல் என்று பேர். ஹாக்கியில் இது இல்லாத நாள் இல்லை. கோல்பி சிரிக்கவில்லை. என் தலைக்கு மேல் குனிந்தான்.

"இது எங்க ஆட்டம்டா. எங்க நாடு. உன் ரிசர்வுக்குப் போயி அரசாங்கக் காசுல குடிச்சிட்டுக் கிட."

அதோடு ஒரு வார்த்தையும் சொன்னான். பூர்வகுடிகளை இழிவாகச் சொல்வது, பள்ளிப் பேருந்தில் பின்வரிசையிலிருந்து தினமும் கேட்ட வார்த்தை. அதை இங்கே எழுதக் கை வரவில்லை.

லிண்டன் எழுந்தார். என்னைப் பார்த்து, "காபியை எடுத்துக்கங்க," என்றார். எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு சுவரைத் தாண்டி, என் பெஞ்சில் ஒரு கால் வைத்து, அடுத்த சுவரையும் தாண்டினார். அவருடைய கையுறை நுனிகூட என் மேல் படவில்லை. கோல்பியின் வாயில் ஒரே ஒரு குத்து. காபி என் கையில் கொட்டியது உண்மை. நானே கோப்பையை இறுக்கிப் பிடித்து நசுக்கியதால் கொட்டியது.

நடுவர்கள் லிண்டனை வெளியே அனுப்பினார்கள். அவர் பனியைக் கடந்து போகும்போது நானூறு பேர் காகிதக் கொடிகளை ஆட்டிக்கொண்டு "கனடா! கனடா!" என்று கத்தினார்கள். எதிரே இருந்தது வேறு நாட்டு அணி இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர். நான் பேனாவை எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். 13:42 என்று எழுதினேன்.

கேட்டதை எழுத ஆட்டத் தாளில் கட்டம் இல்லை. மின்னஞ்சலின் அடியில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: பெட்டியில் பேசப்பட்டது என் காதில் விழுந்தது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன். "வேண்டுமானால்" என்பதை நீக்கியிருக்க வேண்டும்.

17 பிப்ரவரி, திங்கள்

குடும்ப தினம், விடுமுறை. வெர்ன் அரங்கின் சமையல்கூடத்துக்கு வரச் சொன்னார். பர்கருக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். கைகளைத் துடைத்துவிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளை என் முன் வைத்தார்.

லெஸ்யா ஹ்னாட்டிவ் ஆகிய நான், பதினேழாம் எண் ஆட்டக்காரரால் தள்ளப்பட்டுக் கையில் காயமடைந்தேன் என்று இருந்தது. அடியில் கையெழுத்துக்குக் கோடு.

"என்னை யாரும் தள்ளலையே," என்றேன்.

"கையில கட்டு போட்டிருக்கியேம்மா."

"அது காபி."

"காபி தானா எகிறிக் குதிச்சுதாக்கும்?" என்று சிரித்தார். "பயந்துட்டேல்ல? அது போதும். ஆட்ட அலுவலர் மேல கை வச்சா இந்த சீசன் மிச்சமும் அடுத்த சீசன் முழுசும் தடை. புதன்கிழமை விசாரணை வச்சு முடிச்சிடலாம். வியாழக்கிழமை நம்ம தேசிய அணிக்கு அமெரிக்காவோட ஃபைனல். பெரிய திரை போடுறோம். அதுக்கு முன்னாடி இந்தக் கலாட்டா இருக்கக் கூடாது."

லிண்டனுக்கு அடுத்த சீசன் முடியும்போது முப்பத்தேழு நெருங்கிவிடும். அந்த முழங்கால்களோடு அதற்குப் பிறகு ஆட்டம் கிடையாது. இந்தத் தாளில் நான் கையெழுத்திட்டால் அவருடைய ஹாக்கி முடிந்தது. அதற்குக் காரணமாக என் பெயர் இருக்கும்.

கோல்பி சொன்னதைச் சொன்னேன். அந்த வார்த்தையை மட்டும் "அந்த வார்த்தை" என்றேன்.

வெர்ன் அடுப்பைத் தணித்தார். "நடுவர் கேட்டாரா?"

"அவர் பனியில இருந்தாரு."

"லைன்ஸ்மேன்?"

"என் காதுல மட்டும்தான் விழுந்துச்சு."

அவர் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். என் மின்னஞ்சல். "நீயே எழுதியிருக்க பாரு. நேரத்தையே தப்பாப் போட்டேன்னு. இருபதுல பதிமூணு கழிக்க முடியாத பதட்டத்துல இருந்த பொண்ணு, நானூறு பேர் சத்தத்துக்கு நடுவுல ஒரு வார்த்தையைச் சரியாக் கேட்டுச்சாம். யாரு நம்புவா?"

என் தவறை நானே அவர் கையில் கொடுத்திருக்கிறேன். யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

"இந்த நேரத்துல நாடே ஒண்ணா நிக்கணும், கண்ணு," என்றார் வெர்ன். "நமக்குள்ள பிரிவினை வேணாம்."

ஒன்றாக நிற்பது என்றால் ஒருவரை வெளியே தள்ளிவிட்டு மிச்சப் பேர் நிற்பதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "யோசிக்கிறேன்" என்றேன். வீடு வரும்வரை அந்தச் சொல்லுக்காக என்னையே திட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒருவேளை தப்பாகக் கேட்டிருப்பேனோ என்று இரண்டு முறை தோன்றியது. இல்லை. ஒட்டுப்பலகைக்கும் என் காதுக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

மைனஸ் முப்பத்தொன்று. நான் வேலை செய்யும் தீவனக் கடையில் மதியம் வரை கூட்டமில்லை. இரண்டு மணிக்கு கோல்பி வந்தான். உதட்டில் மூன்று தையல். குதிரைக்கு ஓட்ஸ் மூட்டை கேட்டான். பில் போடும்போது கல்லாவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

"ஏய் லெஸ், ஏதோ கதை எழுதப்போறியாமே. மாலை வகுப்புல இதானா சொல்லித் தர்றாங்க?"

"நீ சொன்னதைத்தான் எழுதப்போறேன்."

"அது சீண்டல். அவனும்தான் சீண்டுனான். நீகூடச் சிரிச்ச. நான் பார்த்தேன்."

"அதுக்குத்தான் சிரிச்சேன். இதுக்குச் சிரிக்கல."

"நான் உன்னைத் தொட்டேனா? உன் பெஞ்சுல ஏறுனது அவன். நீ யாரு பக்கம்?"

"ரெண்டு பேருக்கும் நேரம் குறிக்கிற பக்கம்."

"அட, ரைமர் பேரு இல்லாம இந்த ஐஸ் ரிங்க் உண்டா? என் தாத்தா வாளியில தண்ணி ஊத்தி உறைய வச்ச பனி அது. எங்களுக்கு ஒருத்தன் நாட்டுப்பற்று சொல்லித் தரணுமா?"

ரைமர் குடும்பம் இந்த மண்ணுக்கு வந்து நூற்றைம்பது வருடம். எங்கள் ஹ்னாட்டிவ் குடும்பம் வந்து நூற்றுப் பன்னிரண்டு வருடம். பாலன்டைனின் மக்கள் எப்போது வந்தார்கள் என்று கணக்கே கிடையாது. இதை அவனிடம் சொன்னேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஓட்ஸுக்கு வேற கடை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேலை முடிந்ததும் காரில் உட்கார்ந்து லிண்டனைப் போனில் அழைத்தேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

"நேரம் குறிக்கிற பொண்ணா?" என்றார். "கை எப்படியிருக்கு?"

"சரியாயிடுச்சு. கோல்பி சொன்னதை எழுதித் தரலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கத்தான்..."

"சம்மதமா?" வெல்டிங் பட்டறையின் இரைச்சல் பின்னால் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. "சனிக்கிழமை நடந்தது. இன்னைக்குச் செவ்வாய். நீங்க கேட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அப்புறம் என்ன பண்ணுனீங்க? பேனாவை எடுத்து நிமிஷத்தைக் குறிச்சீங்க."

அவர் குரல் தெளிவாகக் கேட்க, காரின் ஹீட்டரை அணைத்தேன்.

"ஆறு வயசுலேர்ந்து இதைக் கேக்குறேன். ஒவ்வொரு ரிங்க்லயும் நடுவுல யாராவது உக்காந்திருப்பாங்க. எல்லாருக்கும் கேக்கும். எல்லாருக்கும் என் மேல பரிதாபம். எனக்குப் பரிதாபம் வேணாம். குத்துனேன், அதுக்கு மூணு ஆட்டம் தடை போடட்டும், வாங்கிக்கிறேன். ஒரு பொண்ணைத் தள்ளுனேன்னு மட்டும் சொல்லாதீங்க. என் பொண்ணு அதைப் படிப்பா. அவளும் ஆடுறா."

"சொல்ல மாட்டேன்."

"அந்த வார்த்தையை முழுசா எழுதுங்க. 'தகாத சொல்'னு எழுதுனா அவனுங்களுக்கு வசதி."

வைத்துவிட்டார்.

இன்றைய வகுப்பில் அலுவலகக் கடிதம் எழுதும் பயிற்சி. நான் என் வாக்குமூலத்தை எழுதினேன். முதல் வரி: என்னை யாரும் தள்ளவில்லை. நேரத் தவறையும் எழுதினேன், ஏன் நேர்ந்தது என்பதையும். ஏழாம் வரியில் அந்த வார்த்தை வர வேண்டும். மூன்று முறை கோடு போட்டு விட்டுவிட்டேன். நாலாம் முறை எழுதினேன். முழுசாக.

19 பிப்ரவரி, புதன்

அரங்கின் மாடியறை. ஏழு மணி. மேசைக்குப் பின்னால் வெர்னும் லீக் குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேரும். ஒரு ஓரத்தில் கோல்பி, மறு ஓரத்தில் லிண்டன். கீழே நாளைக்கான திரையைக் கட்டும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

தாளை நின்றுகொண்டு வாசித்தேன். ஏழாம் வரியில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன். குழுவில் ஒருவர் கையை உயர்த்தினார்.

"இதை இங்க சொல்லணுமா? ஒரு பொண்ணு வாயில வர்ற பேச்சா இது?"

மூன்று பேர் முகமும் சுளித்தது. கோல்பியின் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. அவன் சொன்னது வெறும் ஆட்டம். நான் திருப்பிச் சொன்னதுதான் அசிங்கம். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இன்னொரு தடவை, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

"இதைத்தான் அவரு கேட்டாரு," என்றேன். "உங்களுக்கு ஒரு தடவை கேட்டதுக்கே கஷ்டமா இருக்கா?"

"உக்காரும்மா," என்றார் வெர்ன். "நேரத்தைத் தப்பா எழுதினேன்னு நீயே ஒத்துக்கிட்ட."

"ஆமா. அதை ஒத்துக்கிட்டேன். எல்லாரும் அவங்கவங்க பண்ணினதை ஒத்துக்கிட்டா இந்த விசாரணையே வேணாம்."

குத்தினாயா என்று லிண்டனைக் கேட்டதற்கு, "குத்தினேன்" என்றார். நான் சொன்னது உண்மையா என்று கோல்பியைக் கேட்டதற்கு, "ஞாபகமில்லை" என்றான். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

தீர்ப்பை வெர்ன் வாசித்தார். என்னைத் தள்ளியதாகச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை, நானும் மறுத்துவிட்டதால் அந்தக் குற்றச்சாட்டு நீக்கம். குத்தியதற்கு லிண்டனுக்கு மூன்று ஆட்டம் தடை. சீசன் முடிவில் வரும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் ஆடலாம். கோல்பி மீதான புகார், போதிய ஆதாரம் இல்லாததால் முடித்துவைக்கப்படுகிறது. அவனுக்கு ஒரு ஆட்டம்கூடத் தடை இல்லை.

படியிறங்கும்போது வெர்ன் என்னை நிறுத்தி, சனிக்கிழமை கடிகாரத்துக்கு வேறு ஆள் பார்த்திருப்பதாகச் சொன்னார். "உனக்கும் ஓய்வு வேணும்ல."

வாகன நிறுத்தத்தில் லிண்டன், குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க காரில் செருகியிருந்த மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது தடவை சொன்னீங்க பாருங்க," என்றார், "வெர்ன் டக்ஸ்பரி மூஞ்சி பார்த்தீங்களா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவன் சனிக்கிழமை ஆடுவான்."

"ஆமா."

"நான் மாடியில உக்காந்து பார்க்கணும்."

"மேல்முறையீடு இருக்கு. மாகாணச் சங்கத்துக்கு. பதினாலு நாளுக்குள்ள. சாட்சி சொன்னவங்களும் அதை அனுப்பலாம்னு விதியில இருக்கு. படிச்சுப் பார்த்தேன்."

"அவங்க மட்டும் என்ன, வேற மாதிரியா?"

"தெரியல," என்றேன். அது உண்மை.

அவர் சுருட்டிய கம்பியை வண்டிக்குள் போட்டார். "என் பேரைச் சரியா எழுதுங்க. இங்கிலீஷ்ல பாலன்டைன்ல 'ஒய்' வரும். எப்பவும் விட்டுடுறாங்க."

வந்து உட்கார்ந்து இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. எழுதினால் அடங்கும் என்று நினைத்தேன். அடங்காதது நல்லது என்றும் தோன்றுகிறது. நாளைக்குத் தேவைப்படும்.

நாளை: காலை எட்டரைக்கு வெர்னிடம் தீர்ப்பின் நகலை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தபால் நிலையம் ஒன்பதுக்குத் திறக்கும். மேல்முறையீடு, வாக்குமூலம், ஆட்டத் தாளின் நகல் மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீது வாங்க வேண்டும். கடைக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருவேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.