மூன்று நாள் கணக்கு

வருஷத்தில் மூன்று நாள் அந்த வீட்டில் ஈகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் பறக்கும். தையலம்மாவின் கணவர், வீட்டில் அவருக்கு வைத்த பெயர் நிதியமைச்சர், வருமான வரிக் கணக்குப் போட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தையல் மெஷினை மிதிக்கக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் பூனைபோல நழுவ வேண்டும். மூன்றாம் நாள் மாலை, உலகத்தையே தூக்கி நிறுத்தியவர் மாதிரி கண் சிவக்க வெளியே வருவார்.

அவர் போய் நாலு மாதம் ஆகிறது. கடைசி வருஷக் கணக்கை வாரிசுதான் போட்டாக வேண்டும். வெளியூர் மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அப்பாவுக்கே மூணு நாள் முழி பிதுங்கும். உன்னால ஆகாதும்மா. வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடு."

"கெடுவுக்குள்ள நான் போட்டுட்டா?"

"அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், போதுமா?"

கெடு முடிய ஒரு வாரம். அவருடைய பைலுக்குள் ஓர் ஆடிட்டரின் விலாசச் சீட்டு கிடந்தது. யோசனையாவது கேட்கலாமென்று பைலோடு போனாள்.

ஆடிட்டரம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கினாள். "வாங்கம்மா. வாரிசா கணக்குப் போட அனுமதி வந்துருச்சா? குடுங்க. சார் கணக்கை இருபத்திரண்டு வருஷமா நான்தானே போடறேன். கால் மணி நேர வேலை."

தையலம்மாவின் நாற்காலி ஒரு முழம் பூமிக்குள் இறங்கியது.

"நீங்களா? அப்ப அந்த மூணு நாள்?"

ஆடிட்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, தெரியாதா? பேப்பரை இங்க குடுத்துட்டு வீட்ல போய்த் தூங்குவாராம். மெஷின் சத்தமில்லாத மூணு நாள், சொர்க்கம் மேடம்பாரு."

தையலம்மா திறந்த வாய்க்குள் ஒரு பஸ் புகுந்து, திரும்பி, வெளியே வந்திருக்கலாம்.

"உள்ளேருந்து கர்ர்ருன்னு சத்தம் வருமே! கணக்கு மெஷின்னுல்ல நெனச்சேன்! பக்கத்து வீட்டுக் குழந்தை அழுததுக்கெல்லாம் சண்டைக்குப் போனேனே!"

அவர் உயிரோடிருந்தால் அன்று கத்தரிக்கோலுக்கு வேலை வந்திருக்கும்.

"தூக்கம் வருது, மெஷினை நிறுத்துன்னு வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே மேடம்," என்றவள், கொஞ்சம் பொறுத்து, "கேட்டா நிறுத்தியிருக்க மாட்டேன்தான்," என்றாள்.

பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நகருங்க. நானே போடறேன். தப்பு பண்ணினா மட்டும் சொல்லுங்க."

நாற்பது பேரின் இடுப்பளவைச் சீட்டில்லாமல் மனசில் வைத்திருப்பவள் அவள். பென்ஷன், வங்கி வட்டி, மருத்துவச் செலவு என்று கம்ப்யூட்டரில் கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. இறந்த தேதி கேட்ட கட்டத்தில் மட்டும் விரல் நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் அடித்தாள். முப்பத்தெட்டு நிமிஷத்தில், கணக்கு வந்து சேர்ந்ததென்று ஏற்புச் சீட்டு வந்தது.

மகனை அழைத்தாள். "போட்டாச்சுடா."

"இன்னைக்கேவா? அப்பாவுக்கே மூணு நாள் ஆகுமே!"

அவரைக் காட்டிக்கொடுக்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "அவரு எல்லாத்தையும் நிதானமா செய்வாருடா."

மகனின் குரல் இறங்கியது: "அம்மா, எனக்கும் இன்னும் போடல. ஞாயித்துக்கிழமை வரட்டுமா? கொஞ்சம் பாத்துக் குடேன்."

தையலம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, அது தன் மகனுடைய நம்பர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வா. ஆனா திரும்பிப் போறதுக்கு ஒரே ஒரு டிக்கெட் போடு."