எதிர்மலைக்கு எட்டும் சத்தம்

1

இந்தக் கதை ஒரு கணக்கில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சிப் பள்ளியில் மடக்கை, அதாவது லாகரிதம், அட்டவணையைப் புரட்டிப் புரட்டி விடை கண்டுபிடித்தேன். எதற்கென்று மட்டும் விளங்கவில்லை. வெகுநாள் கழித்து, நம் காதே மடக்கைக் கணக்கில்தான் கேட்கிறது என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து ஒரு மலையும் எதிரே இன்னொரு மலையும் கண்ணுக்குள் நிற்கின்றன. நடுவில் பனி. ஆள் வைப்பதுதான் பாக்கி.

2

தொடக்கம் ஒன்று: கல்வராயன் மலையில் மேகங்கள் பஞ்சுப் பொதியாக மிதந்து—

(வேண்டாம். பஞ்சுப் பொதி எல்லார் கதையிலும் மிதந்துவிட்டது.)

தொடக்கம் இரண்டு: அம்மாசிக்குத் தன் மகளைக் கூப்பிட வேண்டும்.

இது போதும். மகள் செவ்வந்தி, தானே பார்த்துக் கட்டிக்கொண்டவனோடு எதிர்மலையில் இருக்கிறாள். அப்பனும் மகளும் பேசி வருஷங்களாகின்றன. இன்று பொழுது சாய அவர்கள் குடகுக்கு, காப்பித் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று சேதி வந்தது. "எங்கப்பா வாயால கூப்ட்டா நிப்பேன்" என்றாளாம். அம்மாசியோ திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர். கையில் காப்பு இருக்கும்வரை ஊரெல்லை தாண்டக் கூடாது.

(யாரையாவது அனுப்பலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். அவள் கேட்டது அப்பன் வாயை.)

3

திருவிழாவுக்கு மைக் செட்டும் இரண்டு குழாய் ஒலிபெருக்கியும் போட வந்தவர் கள்ளக்குறிச்சி தஸ்தகீர். அவரிடம் போய் நின்றார் அம்மாசி.

"ரெண்டு கொழாயையும் அந்தாண்ட திருப்புங்க பாய். பத்தலன்னா இன்னும் ரெண்டு கட்டுங்க. ரெட்டிப்பா கேக்கும்ல?"

"கேக்காதுண்ணே. காது சரியான கஞ்சப் பிசினாரி. ரெட்டிப்பா கேக்கணும்னா பத்து பங்கு சத்தம் ஊத்தணும். அதுவும் ரெட்டிக்கணும்னா நூறு பங்கு."

"நூறா! கள்ளக்குறிச்சிய பூரா அவுத்துக்கினு வரணும் போலக்குதே."

"இஸ்கூல்ல லாகு கணக்குன்னு சொன்னாங்க. சத்தம் பத்து, நூறு, ஆயிரம்னு தாவும். காது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படி ஏறும்."

"ஏறட்டும். அதுக்குள்ள எம்பொண்ணு எறங்கிப் பூடுவா."

(அந்தக் கஞ்சத்தனம் இல்லாவிட்டால் கொசுவின் ரீங்காரத்தையும் இடியையும் ஒரே காதில் வைத்துக்கொண்டு நாம் உயிரோடு இருக்க முடியாது.)

4

இந்த இடத்தில் நானும் குழாய் மேல் குழாய் கட்டினேன். அம்மாசி துடித்தார், உருகினார், ஏங்கி ஏங்கி— எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பத்து மடங்கு எழுதியும் மனசு ஒரு படிதான் ஏறியது.

தஸ்தகீர்தான் வழி கண்டார். "ஏத்த முடியாதுண்ணே. மத்ததக் கொறைக்கலாம். நீங்க பேசறது பாட்டோடயும் பம்பையோடயும் கலந்துதான் அங்க போவும்." சொல்லிவிட்டு இசைத்தட்டை நிறுத்தினார். பம்பையையும் நிறுத்தச் சொன்னார்.

பம்பைக்காரர் சுப்புராயன் முறைத்தார். "சாமி வர்ற நேரத்துல நிறுத்தச் சொல்றியே, இன்னா பாய் நீ?"

"எம்மவ போற நேரமும் இதான்யா. செத்த சும்மா இரு" என்றாள் அம்மாசியின் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள்.

பம்பை நின்றது. ஊர் வாய்மூடியது. பனி ஏறி ஏறி எதிர்மலையை அழித்துவிட்டது. வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார் அம்மாசி. தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல்கூடப் பள்ளத்தாக்கில் நீந்திப் போனது. அதைக் கேட்டதும் அவருக்குக் கத்தத் தோன்றவில்லை.

"செவ்வந்தி... அப்பன்மா. வூட்டுக்கு வந்துட்டுப் போ."

5

முடிவு ஒன்று: பனியைக் கிழித்துக்கொண்டு மகள் ஓடி—

முடிவு இரண்டு: அங்கே வீடு பூட்டிக் கிடக்க—

இரண்டையும் அடித்துவிட்டேன். இரண்டுமே என் சத்தம்.

பனிக்குள் ஏதோ கேட்டது என்கிறாள் கொளஞ்சியம்மாள். காற்று என்கிறார் தஸ்தகீர். அம்மாசி மைக்கைக் கீழே வைக்கவில்லை. இனி நான் ஒரு சொல் எழுதினாலும் அவருக்கு இடைஞ்சல். நிறுத்திக்கொள்கிறேன், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.