பார்த்தால் மறையாத சூரியன்

புன்னைமுனையில் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை சூரியன் கடலுக்குள் இறங்குவதில்லை. குளச்சலைத் தாண்டி, பஸ் கடைசியாக வந்து திரும்பிப் போகும் சிறிய ஊர் அது. எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. முன்பெல்லாம் அந்த வேளையில் கடலை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் ஊரில் யாருக்கும் கிடையாது. ஆண்கள் குனிந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் அடுப்படியில் நிற்பார்கள். பிள்ளைகளைச் செபமாலைக்கு விரட்டிவிட்டிருப்பார்கள். கவனிப்பாரில்லாத சூரியன் தன் பாட்டுக்கு மறைந்துகொண்டிருந்தது.

துபாயில் ஒரு ஹோட்டலில் வேலைபார்த்துவிட்டுத் திரும்பிய லிஜா, வீட்டு மாடியை விருந்தினர் தங்கும் அறைகளாக மாற்றிய வருடத்தில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. அவள் அம்மா ரீத்தா தலைச்சுமை மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு விருந்தினருக்குச் சமைக்க ஆரம்பித்தாள். முதலில் வந்து தங்கிய கோயம்புத்தூர் தம்பதி, கடலுக்கு ஒரு சாண் மேலே சூரியன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் நிற்பதைப் படமெடுத்து போனில் போட்டார்கள். ஒரே மாதத்தில் வேன்கள் வரத் தொடங்கின. குளச்சலில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஹெட்லைட்டோடு கிளம்பிய பஸ் புன்னைமுனை வளைவில் திரும்பியதும் டிரைவர் விளக்கை அணைத்துவிடுவார், ஏனென்றால் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டின் மிக நீண்ட அந்தி என்று பத்திரிகைகள் எழுதின. ஊருக்குத் தார்ச்சாலையும் கழிப்பறையும் வந்தன, இன்னும் சில வீடுகள் மாடி எடுத்தன. சனி, ஞாயிறுகளில் கடைசி வேன் கிளம்புகிறவரை காக்கைகள் கூட்டுக்குப் போகாமல் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் தூங்க மறுத்தார்கள். மறுநாள் காலை சூரியன் வழக்கமான நேரத்துக்கே கிழக்கில் வந்துவிட்டது. அது எப்படி முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

லிஜாவின் அப்பா ததேயுஸ் கணவாய் மீன் பிடிக்கப் போகிறவர். இருட்டிய பிறகு வள்ளத்தில் விளக்கை ஏற்றினால், வெளிச்சம் தேடிக் கணவாய் மேலே வரும். இருட்டில்லாத கடலில் விளக்குக்கு வேலையில்லை. ஊருக்கு நேரேயுள்ள கடலும் ஊரைப் போலவே வெளிச்சமாக இருந்ததால், அவரும் இன்னும் சிலரும் வள்ளத்தை அடுத்த ஊர்க் கடலுக்கு ஓட்டினார்கள். அங்கே நேரத்துக்கு இருட்டியது. பிறகு ஒருநாள் அந்த ஊர் வள்ளங்கள் சுற்றி வளைத்துக்கொண்டன. "உங்க ஊர்ல வெளிச்சத்தைக் காட்டி ஆளு சேக்கியது, பொறவு எங்க இருட்டுல மீன் பிடிக்க வாறியளா?" என்று ஒருவர் கேட்டார். ததேயுஸின் விளக்கைப் பிடுங்கிக் கடலில் போட்டார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று பின்னால் அவர் ரீத்தாவிடம் சொன்னார்.

அந்த வாரம்தான் சுற்றுலா அலுவலகத்திலிருந்து இந்துஜா என்ற இளம் அதிகாரி வந்து லிஜாவின் மாடியில் தங்கினாள். ஒரு ஊர் தாங்கக்கூடிய கூட்டம் எவ்வளவு, குப்பை எங்கே போகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவள் வேலை. எதையும் பாதியில் விட அவளால் முடியாது. இரண்டாம் நாள் சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் எண்ணெய்ச் சட்டி சரிந்து பெரிய சத்தம் கேட்க, கரையிலிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாருக்கும் காயமில்லை என்று தெரிந்து எல்லோரும் மறுபடி கடல் பக்கம் திரும்பியபோது, சூரியன் விரற்கடை கீழே இறங்கியிருந்தது. இந்துஜா மட்டும் அதைக் கவனித்தாள். மறுநாள் மழைக்கார் காரணமாக வந்திருந்தது ஒரே ஒரு வேன். அவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, தானும் மூடிக்கொண்டு, பத்துவரை எண்ணித் திறந்தாள். சூரியன் பாதி முழுகியிருந்தது. எல்லோரும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் பாக்கட்டும், அப்புறம் சேர்ந்து முதுகைக் காட்டட்டும், அவ்வளவுதான் வேணும்" என்று இந்துஜா சொன்னாள்.

லிஜாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாக்கதுக்குத்தானே மேடம் அவ்வளவு தூரத்துல இருந்து வாறாங்க? திரும்பி நில்லுங்கன்னு சொன்னா அடுத்த வாரம் ஒருத்தர் வரமாட்டாங்க. நான் மறுபடியும் துபாய்க்குப் போணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ததேயுஸ் தலை நிமிராமல் சொன்னார்: "வள்ளத்தை வித்துரலாம்னு இருக்கேன் மக்கா. கேரளத்துல இருந்து ஒரு ஆளு வந்து பாத்துட்டுப் போயிருக்கான்."

"எதுக்குப்பா?"

"ராத்திரி இல்லாத ஊர்ல அது கரையில கெடந்து என்ன செய்யப்போவுது?"

குரலில் கோபம் இருந்திருந்தால் லிஜா சண்டை போட்டிருப்பாள். சோற்றில் குழம்பு ஊற்றச் சொல்வதுபோல் அவர் அதைச் சொன்னது அவளை என்னவோ செய்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயில் மைக்கை வாங்கிக்கொண்டு பாறைமேல் ஏறினாள். வந்தவர்களை வேண்டிய மட்டும் பார்க்கவிட்டாள். பிறகு, இந்த ஊர்க்காரர்கள் இருட்டினால்தான் தொழிலுக்குப் போக முடியும், தயவுசெய்து எல்லோரும் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். சிரித்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், ஆனால் திரும்பினார்கள். கரையில் அவ்வளவு பேர் நின்றும் அலைச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அவர்களுடைய நிழல்கள் நீண்டு மாதா கோயிலின் வெள்ளைச் சுவரில் ஏறியிருந்தன. இரவல் வாங்கிய விளக்கோடு வள்ளத்தருகே ததேயுஸ் மணலைப் பார்த்தபடி நின்றார். நேரம் போனது. முதுகில் வெயில் உறைத்துக்கொண்டே இருந்தது. நிழல்கள் அசையவில்லை.

"யாரோ பாக்கறாங்க" என்றாள் இந்துஜா.

ஊர்க்காரர்கள் தேடினார்கள். வேன்களுக்குள் பார்த்தார்கள், பாறைகளுக்குப் பின்னால் பார்த்தார்கள். கடைசியில் லிஜாதான் கண்டாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, கையில் ஈரத்துணியோடு ரீத்தா நின்றுகொண்டிருந்தாள். மைக் சொன்னது எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. லிஜா ஓடிப்போய் மாடியேறினாள்.

"அம்மா, எல்லாரும் ஒங்களுக்காவ நிக்கியாங்க."

ரீத்தா திரும்பவில்லை. "கல்யாணம் முடிஞ்சு வந்த நாள்லேருந்து இந்தக் கரையில கெடக்கேன் ஏட்டி. இது இப்பிடி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கேன். சந்தைக்கு ஓடுவேன், சோறு வைக்க ஓடுவேன். ஒருத்தரும் சொல்லல்ல பாத்தியா."

லிஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ரீத்தா அழவில்லை. முதல் தடவை கடலைப் பார்க்கும் குழந்தைபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. லிஜா மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வந்து, கீழே நின்ற அப்பாவிடம் பார்ப்பது அம்மாதான் என்று சைகை காட்டினாள். இருட்டத் தாமதமானால் ததேயுஸுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் கணவாய் முழுக்கப் போய்விடலாம். அவர் வள்ளத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"பாக்கட்டும்" என்றார்.

கூட்டம் முதுகைக் காட்டியபடியே காத்து நின்றது. யாருக்காக என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கால் வலித்தவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து ரீத்தா, "பாத்தது மதி, போதும், உலை கொதிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோயில் சுவரில் நிழல்கள் தலையிலிருந்து மங்கத் தொடங்கின. முதுகில் சூடு குறைந்தது. எல்லோரும் திரும்பியபோது கடல் கறுத்திருந்தது, வள்ளங்கள் ஒவ்வொன்றாக விளக்கை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு கூட்டம் கொஞ்சம் குறைந்தது, பிறகு பழையபடி ஆனது. சூரியன் மறைவதைப் பார்க்க அனுமதி இல்லாத ஒரே கடற்கரை என்று வெளியூர்களில் சொல்லிக்கொள்கிறார்கள். சுவரில் தங்கள் நிழல் அழிவதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. கடைசியாகப் பார்க்கும் உரிமையை ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துவிட்டார்கள். முறைக்காரர் போதும் என்று உள்ளே போகிறவரை மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களை யாரும் அவசரப்படுத்துவதில்லை. நேற்று டைட்டஸ் வீட்டு முறை. டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் வாசலுக்கு வந்து ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். புன்னைமுனையில் நேற்று சீக்கிரமே இருட்டிவிட்டது.