டாக்டர் நாச்சியப்பனின் குரல் கேட்காதவர்கள்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் பிறகு, மலேசியாவின் கிள்ளான் நகரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு டாக்டர் நாச்சியப்பனின் குரல் கேட்காமல் போனது. அவருடைய தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. கேட்காதவர்களின் காதிலும் குறை இல்லை. பக்கத்துத் தெருவில் ரொட்டிக்காரர் அடிக்கும் மணி அவர்களுக்குத் தெளிவாகவே கேட்டது. டாக்டர் பேசியது மட்டும் கேட்கவில்லை. அப்போது எல்லாரும் மாஸ்க் போட்டிருந்த காலம் என்பதால் முதல் இரண்டு நாள் யாருக்கும் இது பிடிபடவில்லை. துணிக்குள் குரல் அடைபடுகிறது என்றே நினைத்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து ஊரான மேருவிலிருந்து வந்த ஓர் அம்மாள், "டாக்டர், நான் இங்கதான் உக்காந்திருக்கேன், வாயத் திறந்து பேசுங்க" என்று கேட்டபோதுதான், அவர் ஏற்கெனவே கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஊரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் கோழி விலை ஏறியிருந்தது, பேசுவதற்கு அதுவும் இருந்தது.

நாச்சியப்பனின் தாத்தா கிள்ளானில் வட்டிக்கடை வைத்திருந்தவர். கடை போய் ஒரு தலைமுறை ஆகியும், 'செட்டியார் வீட்டுப் பிள்ளை சும்மா ஊசி போடுமா' என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் இருந்தார்கள். தெங்கு கிளானா சாலையில், சேலைக் கடைகளுக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக் முப்பது வருடமாக நடந்தது. கை ராசியான டாக்டர் என்று பெயர். கேள்வி கேட்டால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. மாத்திரையை நீட்டுவார், 'ஒன்னும் இல்லலா, போங்க' என்பார், அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்திவிடுவார். தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்த வேலாயுதம் ஒருவர்தான் எண் வாங்காமல் நேரே உள்ளே போகக்கூடியவர். வேலாயுதம் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிப் பிறகு சொந்தமாக இரண்டு லோரி வாங்கியவர். காப்பாரில் வீடு. அவர் மனைவி லோகேஸ்வரி டாக்டரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தீபாவளிக்கு முதல் நாள் டாக்டரும் அவர் மனைவி அழகம்மையும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டார்கள். இதில் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். கோவிட் ஊசி வரப்போகிறது, மக்கள் பயப்படுகிறார்கள், நம்ம டாக்டர் விளக்கம் சொல்வார் என்று கோயில் நிர்வாகத்தார் ஏற்பாடு செய்திருந்தார்கள். கைத்தொலைபேசிகளில் அப்போது வந்துகொண்டிருந்த செய்திகளுக்கு அளவே இல்லை. ஊசி போட்டவர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்றது ஒன்று, டாக்டர்கள் தங்கள் வீட்டாருக்கு வெறும் தண்ணீரைத்தான் போடுகிறார்கள் என்றது மற்றொன்று. டாக்டர் படம் போட்டு, அம்புக்குறி காட்டி, ஆங்கிலம் கலந்து நீளமாகப் பேசினார். முடிந்ததும் லோகேஸ்வரி எழுந்தார். பொது இடத்தில் அவர் எழுந்து பேசியது அதுவே முதல் முறை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, எங்க வாணிக்குச் சின்னதுல உங்ககிட்டதான் தடுப்பூசி போட்டோம். அன்னைக்கே அவளுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு வந்துச்சு. அது ஏன் வந்துச்சுன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. இன்னொன்னு, இந்த ஊசிக்கு கிளினிக்குங்களுக்கு கமிஷன் குடுக்கறாங்கன்னு சொல்றாங்களே, அது உண்மையாண்ணே?"

கேள்வியில் குதர்க்கம் எதுவும் இல்லை. ஆனால் கமிஷன் என்ற சொல் டாக்டரின் காதில் வட்டிக்கடை என்று விழுந்தது. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோய், "லோகேஸ்வரி டாக்டரம்மா எந்த யூனிவர்சிட்டியில படிச்சாங்கன்னு தெரியல. வாட்சப் யூனிவர்சிட்டியா இருக்கும்லா" என்றார். மண்டபம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். லோகேஸ்வரி உட்கார்ந்தார். வேலாயுதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ எடுத்த காணொளி மாலைக்குள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் குரல் போனது. டாக்டர் பங்சாரில் இருந்த காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் போய்ப் பார்த்தார். நிபுணருக்கு அவர் பேசியதெல்லாம் கேட்டது. நிபுணரின் கார் ஓட்டிக்குக் கேட்கவில்லை. வாட்சப் குழுக்களில் டாக்டர் அனுப்பிய குரல் பதிவுகளிலும் இதே கதைதான். சிலருக்கு முழு விளக்கமும் கேட்டது, சிலருக்கு அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கிளினிக்கில் தாதியாக இருந்த மிஸி சந்திரகலா ஒரு வழி கண்டுபிடித்தாள். டாக்டர் சொல்வதை அப்படியே தன் வாயால் திருப்பிச் சொன்னாள். குரல் கேட்பவர்கள் வலப்பக்க நாற்காலியிலும், சந்திரகலா தேவைப்படுபவர்கள் இடப்பக்க நாற்காலியிலும் உட்காரப் பழகிக்கொண்டார்கள். ஊசியை நம்பாதவர்களுக்குத்தான் கேட்கவில்லை என்று டாக்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கு எங்கோ உதைத்தது. ஊசிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர்களிலும் பலர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது அழகம்மை, "லோகா கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே" என்றார். டாக்டர் ரசம் கேட்டார்.

ஜூலையில் கிள்ளான் மருத்துவமனையில் கட்டில்கள் நிரம்பி, கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டார்கள். வேலாயுதம் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். லோகேஸ்வரி போட்டுக்கொள்ளவில்லை. கணவர் வற்புறுத்தியபோதெல்லாம், "அண்ணன் ஒரு வார்த்தை வெளங்க சொல்லியிருந்தா போட்டிருப்பேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். லோகேஸ்வரிக்குக் காய்ச்சல் கண்ட நான்காம் நாள் வேலாயுதம் டாக்டருக்குப் போன் போட்டார். அவருக்கு நண்பனின் குரல் எப்போதும்போல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டாக்டர் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு காப்பாருக்கு ஓடினார்.

லோகேஸ்வரி ஜன்னலோரம் படுத்திருந்தார். விரலில் கருவியை மாட்டிப் பார்த்ததுமே டாக்டருக்கு விஷயம் புரிந்தது. மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார். வேலாயுதம் அதைத் திருப்பிச் சொன்னார். லோகேஸ்வரி தலையாட்டினார். ஆம்புலன்ஸ் சந்து தெரியாமல் சுற்றுகிறது என்று போன் வர, வேலாயுதம் வழிகாட்டத் தெருமுனைக்கு ஓடினார். அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

டாக்டர் கட்டிலருகே மண்டியிட்டார். "என்னை மன்னிச்சிரு தங்கச்சி. நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் ரோஷம் வந்துடுச்சு. நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். லோகேஸ்வரி அந்த முகக் கண்ணாடியையும் அதற்குள் இருந்த மாஸ்கையும் பார்த்தார். உதடு அசைவதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

"நீங்க பேசறது எனக்குக் கேக்கலண்ணே" என்றார் மூச்சுக்கு இடையில். "பரவால்ல. வந்தீங்களே."

டாக்டர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு கத்தினார். பக்கத்து வீட்டில் சிலருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. டாக்டர் யாரையோ திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. லோகேஸ்வரி அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ரவாங்கில் இருந்த மகள் வாணி, தாயின் தகனத்தைப் போனில்தான் பார்த்தாள்.

தனிமைப்படுத்தல் முடிந்ததும் வேலாயுதம் நேரே கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் கதவைச் சாத்தி, மாஸ்கைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு அறையில் என்ன சொன்னார் என்பதை முதலிலிருந்து சொன்னார். வேலாயுதம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முடித்தபோது, "ஏன்டா வாய மட்டும் அசைக்கிற?" என்றார். ஒரு கணம் கழித்து அவருக்கே விளங்கிவிட்டது. "எனக்கும் போயிடுச்சா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நாற்காலியைப் பழையபடி நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போனார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் டாக்டருக்கு நன்றாக இருந்திருக்கும். ஊசி போட்டுக்கொண்ட, ஊசியை நம்பிய ஓர் ஆளுக்கே தன் குரல் கேட்காமல் போனதும், இத்தனை மாதம் ஊரெல்லாம் தான் சொல்லிவந்த காரணம் தவறு என்று டாக்டருக்கு உறைத்தது. அன்று இடப்பக்கம் காத்திருந்தவர்களை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு வந்த வருடங்களில் டாக்டர் வேறு மாதிரி ஆனார். மணியை எடுத்துவிட்டார். நோயாளி கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். தெரியாததைத் தெரியாது என்றார். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சிலருக்குக் குரல் திரும்பியது. மேரு அம்மாளுக்கு ஒரு நாள் பாதி வாக்கியத்திலிருந்து கேட்க ஆரம்பித்தது, அன்றோடு அவர் வலப்பக்கம் மாறிக்கொண்டார். மேலும் பலருக்குத் திரும்பவில்லை. ஏன் இவருக்கு, ஏன் அவருக்கு இல்லை என்பதில் ஓர் ஒழுங்கும் இல்லை. மாஸ்க் போய், ஊசிப் பேச்சும் அடங்கி, காணொளியில் சிரித்தவர்கள் அதை மறந்தே போனார்கள். வேலாயுதம் தன் இனிப்புநீர் நோய்க்கு வேறு கிளினிக்கில் மருந்து எடுத்தார். பாசாரில் எதிர்ப்பட்டால் இருவரும் கை தூக்குவார்கள். தீபாவளிக்கு முதல் நாள் டாக்டர் வீட்டில் சீக்கிரமே விளக்கை அணைத்துவிடுவார்கள்.

போன வருடம் வாணி பிரசவத்துக்குக் காப்பார் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் இல்லாத வீட்டில் அப்பாதான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். இரண்டு மாதமானதும் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். வாணி படித்தவள், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர், ஊசியின் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் வேறெங்கும் போகாமல் தெங்கு கிளானா சாலைக்குத்தான் போகவேண்டும் என்றாள். வேலாயுதம் காரை எடுத்தார். மேலே ஏறாமல் கீழேயே காத்திருந்தார். வாணி மாடியேறிப் போய், யாரும் காட்டாமலே இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா கேட்டத நானும் கேக்கறேன் அங்கிள்" என்றாள். "எனக்கு வலிப்பு ஏன் வந்துச்சு? கோவிட் ஊசிக்குப் பணம் குடுத்தாங்களா இல்லையா?"

டாக்டர் பேச ஆரம்பித்தார். சந்திரகலா சுவரோரம் நின்றபடி ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துக் கொடுத்தாள். ஊசி போட்டால் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு பாதிப்பும் விடாமல் போய்விடும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். "அன்னிக்கு நான் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிட்டிருந்தேன். உங்கம்மா உன்னை மடியில வச்சிக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தாங்க. ஒன்னும் இல்லலான்னு சொல்லிட்டுப் போயிட்டேன்" என்றாள் சந்திரகலா, டாக்டரின் வார்த்தைகளில். பணம் கொடுத்தார்கள், போடும் கூலியாக ஒரு சின்னத் தொகை, வாங்கிக்கொண்டோம், தரப்போகிறார்கள் என்பது முன்பே தெரியும், அதை மண்டபத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பிறகு அந்த ஜன்னலோரக் கட்டிலின் கதை வந்தது. "என்னை மன்னிச்சிரு தங்கச்சின்னு சொன்னேன்" என்னும்போது சந்திரகலாவின் குரல் உடைந்தது. டாக்டர் அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார்.

வாணி எல்லாவற்றையும் கேட்டாள். கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அம்மா இத கேட்டிருக்கணும் அங்கிள்" என்றாள். அதோடு குழந்தையின் தொடைப்பக்கத் துணியை விலக்கிக் கொடுத்தாள்.

ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. நேரமாகிறதே என்று வேலாயுதம் மேலே ஏறி வந்து கதவருகில் நின்றார். டாக்டர் குழந்தையிடம் குனிந்து ஏதோ சொன்னார். குழந்தை அழுகையை நிறுத்தியது. கண்ணில் நீரோடு, குரல் வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பியது. டாக்டர் மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்து பேசினார். குழந்தையின் தலையும் கூடவே திரும்பியது.

"இவளுக்குக் கேக்குதுப்பா" என்றாள் வாணி.

வேலாயுதம் உள்ளே வந்தார். "என்னடா சொல்ற அவகிட்ட?" என்றார். டாக்டர் சொன்னார். சந்திரகலா அதை எடுத்துச் சொல்லவில்லை, சொல்லும்படி மற்றவர்களும் கேட்கவில்லை.

வாணிக்கோ வேலாயுதத்துக்கோ அந்தக் குரல் இன்றுவரை கேட்டதில்லை. வாணி ரவாங்குக்குத் திரும்பிய பிறகும், ஊசி நாள் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்துவிடுகிறாள். ஊசி போட்டு முடிந்ததும் வேலாயுதம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு டாக்டருக்கு எதிரே உட்காருகிறார். டாக்டர் அவளிடம் பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று தெரியாவிட்டாலும், அவள் கண் சொருகித் தூங்கும்வரை வேலாயுதம் அசையாமல் இருக்கிறார். தூங்கிய பிறகு தோளில் சாய்த்துக்கொண்டு, படி பார்த்து மெதுவாக இறங்குகிறார்.